உமரிக்கு ஒரு நாத்தங்கால்: உப்புச் சதுப்பு நாமளே உருவாக்குறது எப்படி

அலையாத்தி, அதாவது கண்டல் காடு நடணும்னா பத்து பேர் மண்வெட்டியோட வந்துடுறாங்க, சந்தோஷம். ஆனா அலையாத்திக்கும் மேட்டு நிலத்துக்கும் நடுவுல செவப்பும் பச்சையுமா முழங்காலுக்குக் கீழ படர்ந்து கெடக்குதே உமரிக்காடு, உப்புச் சதுப்புன்னு சொல்றது அதைத்தான், அதை யாரும் கண்டுக்கிறதில்ல. "களர், தரிசு"னு எழுதிட்டு அதுக்குள்ளயே குழி தோண்டி கண்டல் வைக்கிறாங்க. தெனம் ஓதம் (கடல் ஏறி எறங்குற தண்ணி) ஏறாத மேட்டுல கண்டலும் புடிக்காது, ஏற்கனவே இருந்த உமரியும் மிதிபட்டு போயிடும். எங்க வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கம் இதைப் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துப் போய்தான் இதை எழுதுறேன்.

இன்னொரு பிரச்சனையும் இருக்கு. யாராவது உண்மையிலேயே ஒரு சதுப்பை மீட்கணும்னு கெளம்பினா, செடிக்கு எங்க போறது? கண்டல் நாத்துக்கு நர்சரி இருக்கு, உமரிக்கு சுலபமா கெடைக்காது. அதனால பக்கத்துல நல்லா இருக்குற சதுப்புல போய் மண்ணோட பேத்துட்டு வந்துடுறாங்க. ஒரு எடத்தை ஆக்க இன்னொரு எடத்தை அழிக்கிற வேலை அது. நெல்லுக்கு நாத்தங்கால் விடுறோம்ல, அதே மாதிரி உப்புச் சதுப்புக்கும் ஒரு நாத்தங்கால் விட்டுட்டா, வருஷா வருஷம் அதுலேர்ந்தே எடுத்துக்கலாம், காட்டைத் தொட வேணாம்.

மொதல்ல எடம். கைவிட்ட உப்பளம், இல்ல கைவிட்ட இறால் குட்டை, இந்த ரெண்டும்தான் சரி. உயிரோட இருக்குற சதுப்புல கை வைக்கவே கூடாது, 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையிலயே உப்புச் சதுப்பை சி.ஆர்.இசட் 1ஏ-ல, அதாவது ரொம்ப பாதுகாக்க வேண்டிய எடங்கள் வரிசையில வச்சிருக்காங்க. பட்டா நிலமா இருந்தாலும் கரையை வெட்டி கடல் தண்ணியை உள்ள விடுறதுக்கு முன்னாடி வருவாய்த்துறை, வனத்துறை ரெண்டு பேர்கிட்டயும் எழுத்துல கேட்டுடுங்க. விதை எடுக்குறதுக்கும் அப்படித்தான், காப்புக்காட்டுக்குள்ள போறதுன்னா அனுமதி இல்லாம ஒரு பிடி கூட எடுக்காதீங்க. அப்புறம் சும்மா வெறும் சேறா தெரியுற எடத்தை "காலியாதானே இருக்கு"ன்னு எடுத்துக்காதீங்க, கோடியக்கரைக்கு வர்ற பூநாரையும் உள்ளானும் அந்தச் சேத்துலதான் மேயுது, அங்க செடி போட்டா அதுங்க சாப்பாட்டுல கை வச்ச மாதிரி.

எடம் கெடச்சதும் செடியைப் பத்தி நினைக்காதீங்க, மட்டத்தைப் பத்தி நினைங்க. இதுலதான் நாங்க மொத வருஷம் தோத்தோம். ஆர்வத்துல ஜேசிபி வச்சு அரை நாள்ல குட்டையை வழிச்சு விட்டோம், ஓதம் உள்ள வந்துச்சு, அழகா இருந்துச்சு, ஆனா வெளிய போகல. நடுவுல ஒரு சாண் பள்ளமா போனதால தண்ணி அங்கயே தங்கி, வெயில்ல வத்தி, உப்பு ஏறி, நட்டதெல்லாம் ஒரு மாசத்துல அழுகிடுச்சு. பிச்சாவரத்துல பெரிய அளவுல நடந்ததும் இதுதான். அந்தக் காலத்துல பட்டை பட்டையா காட்டை மொட்டையா வெட்டினதும் மண்ணு காஞ்சு கீழ எறங்கி தொட்டி மாதிரி ஆயிடுச்சு, ஓதத் தண்ணி தேங்கி வத்தி உப்பு கூடிப் போய் அங்க கண்டலே வராம போச்சு. 1990கள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா கிளை வாய்க்கால்னு போட்டு தண்ணி வந்து போக வழி விட்டதுக்கு அப்புறம்தான் காடு திரும்ப வந்துச்சு. தண்ணி வரணும், அதே மாதிரி போகவும் செய்யணும். நாத்தங்காலுக்கும் அதே கதைதான், அளவு மட்டும் சின்னது.

மட்டம் பார்க்க சர்வேயர் வேணாம். மேஸ்திரிங்க வீடு கட்டும்போது தண்ணி நெரப்பி மட்டம் பார்க்குற டியூப் இருக்குல்ல, அது போதும். ஒரு மூங்கில் கழியில செ.மீ. கோடு போட்டு பக்கத்து ஓடை ஓரமா ஊனிடுங்க, ஒரு முழு மாசம், அமாவாசை பௌர்ணமி ஓதம் எவ்வளவு ஏறுது, அஷ்டமி நவமியில எவ்வளவு ஏறுதுன்னு தெனம் குறிங்க. நம்ம கரையில ஓதமே ஒரு மீட்டருக்குள்ளதான், ஓடைக்குள்ள வர வர இன்னும் கம்மி, அதனால 10 செ.மீ. ஏறி எறங்கினாலே வேற செடி, வேற உலகம். தெனம் நனையுற மட்டம் கண்டலுக்கு விட்ருங்க. அமாவாசை பௌர்ணமியை ஒட்டி மட்டும் நனையுற பட்டை இருக்கே, அதுதான் நம்ம நாத்தங்கால். கழியில இருக்குற அந்தக் குறியை டியூப் வச்சு நிலத்துக்குள்ள கொண்டு போய் முளைக்குச்சி அடிச்சு கயிறு கட்டிடுங்க, அந்தக் கயித்துக்குத் தக்கன மண்ணை வெட்டியோ கொட்டியோ சரி பண்ணுங்க. சரிவு லேசா இருக்கட்டும், 10 மீட்டருக்கு 10 செ.மீ. எறக்கம் போதும், ஆனா எங்கயும் குழி கூடாது. வேலை முடிஞ்ச அன்னைக்கு தண்ணி விட்டு, வத்தினதும் எங்கயாவது தண்ணி நின்னுச்சுன்னா அந்தக் குழியை அப்பவே மூடுங்க, இல்லன்னா ஓடைக்கு ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வடிகால் இழுத்து விடுங்க. மடை ஒண்ணு வேணும், மணல் மூட்டை வச்சு அடைக்கிற மாதிரி இருந்தாலே போதும், பின்னாடி ஏன்னு சொல்றேன்.

மண்ணு. உப்பளப் பாத்தியை வருஷக்கணக்கா மிதிச்சு மிதிச்சு சிமெண்டு தரை மாதிரி ஆக்கி வச்சிருப்பாங்க, அதுல வேர் எறங்காது. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு சாண் ஆழத்துக்கு கொத்தி விட்டுடுங்க, மழையே உப்பைக் கழுவிக் கொடுத்துடும். இறால் குட்டைன்னா வேற எச்சரிக்கை: கறுப்புச் சேத்தை வெளிய எடுத்துப் போட்டு காயவிட்டா சில எடத்துல அது புளிச்ச மண்ணா மாறி துரு நெறத்துல படியும், செடிக்கு விஷம். கொஞ்சம் சேத்தை எடுத்து ஒரு தட்டுல வச்சு சில வாரம் ஈரம் மட்டும் காட்டி வைங்க, அப்புறம் பி.எச் தாள் வச்சுப் பாருங்க, 4-க்குக் கீழ எறங்கிடுச்சுன்னா அந்தச் சேத்தைக் கிளறவே கிளறாதீங்க, ஈரத்துலயே விட்டுட்டு மேல நல்ல வண்டல் பரப்புங்க.

உப்பு பார்க்க இறால் பண்ணைக்காரங்க வச்சிருக்குற ரிஃப்ராக்டோமீட்டர் நல்லது. அது இல்லன்னா அளத்துல வேலை பார்க்குற அண்ணன்கிட்ட பாமே மீட்டர் இருக்கும், அவங்க டிகிரியில சொல்வாங்க, கடல் தண்ணி 3, 3.5 டிகிரி, உப்பு விழுறது 24, 25 டிகிரி. நாத்தங்கால்ல நிக்கிற தண்ணி கடலை விட ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஏறிடுச்சுன்னா ஏதோ ஒரு எடத்துல வடிகால் அடைச்சிருக்குன்னு அர்த்தம், போய்த் தேடுங்க.

இப்ப செடி. நான் மூணு வகையோட ஆரம்பிக்கச் சொல்வேன். சுவேடா வகை உமரி, கடலோரத்துல கீரையா ஆக்குவாங்களே அதான். சாலிகார்னியா, இலையே இல்லாம கணு கணுவா பவளம் மாதிரி நிக்கிறது, இதையும் நம்ம ஆளுங்க உமரின்னுதான் கூப்பிடுவாங்க, அதனால மூட்டையில பேர் எழுதும்போது எதுன்னு தெளிவா எழுதுங்க. மூணாவது செசுவியம், பருப்புக்கீரை மாதிரி தடிச்ச இலை, ஊதாப்பூ, தரையோட ஓடுறது. இதோட ஏலுரோபஸ்னு ஒரு குட்டைப் புல் கெடச்சா விடாதீங்க, காலையில பார்த்தா அதோட இலையில உப்புத்துகள் பனி மாதிரி பூத்து நிக்கும், உறிஞ்சின உப்பை அது அப்படித்தான் வெளிய தள்ளுது, மண்ணைப் புடிச்சு நிறுத்துறதுல அதை அடிச்சுக்க ஆளில்ல.

உமரி விதை எடுக்குறது பொறுமையான வேலை. செடி செவந்து கீழ்க்கிளை காய ஆரம்பிச்சதும் ஒரு காயை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு நசுக்குங்க. கசகசன்னு பச்சையா சாறு மட்டும் வந்தா இன்னும் நாள் இருக்கு. தோல் காகிதமா உதிர்ந்து உள்ளேர்ந்து கடுகை விடச் சின்னதா, பளபளன்னு கறுப்பா ஒரு மணி விரல்ல ஒட்டினா அன்னைக்கே சாக்கு எடுத்துட்டுப் போங்க. ஒரே செடியை மொட்டை அடிக்காம, ஒவ்வொரு செடியிலயும் கொஞ்சம், அம்பது அறுபது செடியிலேர்ந்து எடுங்க, ஒரு எடத்துல இருக்குற விதையில பத்துல ஒரு பங்குக்கு மேல வேணாம். மீட்கப் போற எடத்துக்குப் பக்கத்துலேர்ந்தே எடுக்குறது நல்லது, அந்த உப்புக்கும் அந்த வெயிலுக்கும் பழகின விதை அது. நெழல்ல காய வச்சு துணிப்பையில கட்டித் தொங்கவிடுங்க, பிளாஸ்டிக் கவர்ல போட்டா பூஞ்சை புடிச்சிடும். சாலிகார்னியா விதை கணுவுக்குள்ள ஒளிஞ்சிருக்கும், பிரிச்செடுக்கக் கஷ்டம், காஞ்ச தண்டையே வெட்டிட்டு வந்து பாத்தி மேல பரப்பிடுங்க, தானா உதிரும்.

விதைக்கிறது வடகிழக்கு மழை ஆரம்பிக்கும்போது. உப்புலயே வாழ்ற செடின்னாலும் மொளைக்க நல்ல தண்ணி வேணும், இது நெறைய பேருக்குத் தெரியாம கடல் தண்ணி ஊத்தி விதைச்சுட்டு மொளைக்கலன்னு உக்காந்திருப்பாங்க. மழை மண்ணுல இருக்குற உப்பைக் கழுவி, ரிஃப்ராக்டோமீட்டர்ல 10 பி.பி.டி-க்கு (ஆயிரம் பங்குல பத்து பங்கு உப்பு) கீழ காட்டும்போது, விதையை சலிச்ச மணலோட கலந்து தூவி, மேல லேசா கையால தட்டி விடுங்க, புதைக்க வேணாம். இப்பதான் மடை. வேர் எறங்குற வரைக்கும், ஒரு 15 நாள், மூட்டை வச்சு அடைச்சிடுங்க, இல்லன்னா மொத ஓதமே விதையை அள்ளிட்டுப் போயிடும். பெரு மழை வந்தா மட்டும் மூட்டையைத் தளர்த்தி மழைத்தண்ணியை வடிய விடுங்க, மூழ்கிக் கெடந்தா சின்ன நாத்து செத்துடும். நாலு இலை ஆனதும் பௌர்ணமி ஓதத்துக்குத் தொறந்து விடலாம்.

செசுவியத்துக்கு விதையே வேணாம். ஒரு சாண் நீளம், மூணு கணு இருக்குற மாதிரி வெட்டி, கீழ ரெண்டு கணு இலையைக் கிள்ளிட்டு, அந்த ரெண்டு கணுவும் சேத்துக்குள்ள போற மாதிரி சாய்ச்சு ஊனுங்க, ஒரு அடி எடைவெளி. அவ்வளவுதான். ஆனா இதை உமரிப் பாத்திக்குப் பக்கத்துல விடாதீங்க, ஓடி ஓடி எல்லாத்தையும் மூடிடும், நடுவுல ஒரு சின்ன வாய்க்கால் இருக்கட்டும். புல்லை வேரோட கணுவா பிரிச்சு மேல் மட்டத்துல ஊனுங்க.

மொத ஆறு மாசம் காவல் வேணும். ஆடு மாடு உமரியை ருசியா மேயும், வலை வேலி போடுங்க, மீனவர்கிட்ட கிழிஞ்ச வலை கெடைக்கும், ஆனா கீழ ஒரு சாண் விட்டுக் கட்டுங்க, பறவை குஞ்சும் நண்டும் மாட்டிக்கக் கூடாது. மேட்டுப் பக்கம் சீமைக்கருவேல் தலை காட்டினா விரல் தண்டி இருக்கும்போதே வேரோட புடுங்குங்க. பாசி பாய் மாதிரி படர்ந்து நாத்தை அமுக்கினா கையால சுருட்டி எடுத்துடுங்க, மருந்து எதுவும் அடிக்காதீங்க, பக்கத்துலதான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளருது. உரமும் தேவையில்ல, ஓதம் கொண்டு வர்ற வண்டலே போதும். புயல் வரும், அதை மனசுல வச்சுக்கோங்க. 2018 நவம்பர்ல கஜா இந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டதைப் பார்த்தவன் நான், அதனால எல்லா விதையையும் விதைச்சுடாம மூணுல ஒரு பங்கு எப்பவும் வீட்டுல இருக்கும்.

எடுக்குற கணக்கு இப்படி. நாத்தங்கால் ஒரு முழு மழைக்காலம், ஒரு முழு கோடை தாண்டினதுக்கு அப்புறம்தான் மொத அறுவடை. புல்லும் செசுவியமும் பின்னிக் கெடக்குற எடத்துல, ஒரு சதுர மீட்டருக்கு வேர் மண்ணோட நாலு செடிக்கட்டி மட்டும், ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம், அரைச் சாண் ஆழம், பழைய பி.வி.சி குழாயைச் சீவி அழுத்தினா வட்டமா அழகா வரும். 500 சதுர மீட்டர் இருந்தா 2,000 கட்டி, அதை அரை மீட்டர் எடைவெளியில நட்டா இன்னொரு 500 சதுர மீட்டர் எடம் நெரம்பும், தாய்ப்பாத்தி அசரவே அசராது. எடுத்த குழியில ஓடைச் சேத்தை அமுக்கி நெரப்பிடுங்க, அப்படியே விட்டா தண்ணி தேங்கி அந்த எடம் சொட்டையாயிடும். உமரி, சாலிகார்னியாவை கட்டியா எடுக்குறதை விட, தாய்ப்பாத்தி விதையை வச்சு தனியா தட்டுல நாத்து விடுறது மேல். தட்டு நாத்துன்னா கொண்டு போறதுக்கு முன்னாடி மூணு வாரம் உப்பை ஏத்திப் பழக்குங்க, மொத வாரம் நல்ல தண்ணிக்குக் கால் பங்கு கடல் தண்ணி, அடுத்தது பாதி, கடைசி வாரம் முழுசா கடல் தண்ணி.

நட வேண்டிய காலம் மழை நின்னும் நிக்காத மார்கழி, தை, அப்ப மண்ணுல உப்பும் கம்மி, புயல் பயமும் கம்மி. விடியறதுக்கு முன்னாடி கட்டியை எடுத்து மீன் கூடையில ஒரே அடுக்கா வச்சு ஈரச் சாக்கு போட்டு மூடி, அன்னைக்கே நட்டு முடிச்சிடுங்க. வத்தம் (ஓதம் எறங்குறது) ஆரம்பிச்சதும் எறங்கினா நாலஞ்சு மணி நேரம் கெடைக்கும். அங்கயும் மொதல்ல கழியும் டியூப்பும்தான், நம்ம பாத்தியில எந்த மட்டத்துல வளர்ந்துச்சோ அதே மட்டத்துக்கு அங்க கயிறு கட்டிட்டு, அந்தக் கயித்தோட போங்க. கட்டி மேல்மண்ணோட சமமா உக்காரணும், சுத்தி காலால ஒரு அமுக்கு, கையால புடிச்சு லேசா இழுத்தா வரக் கூடாது.