கொலுசுப் பட்டறைக் கணக்கை ஜாவாவில் எழுதுவது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள வெள்ளிப் பட்டறையின் விண்டோஸ் கணினியில் எழுதும் நிரல், ஏற்காட்டில் இருக்கும் உரிமையாளரின் லினக்ஸ் மடிக்கணினியிலும் அப்படியே இயங்க வேண்டுமானால், அதற்கு ஜாவா பொருத்தமான மொழி. 1991இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் குழுவினர் இம்மொழியைத் தொடங்கியபோது அவர்கள் கருத்தில் இருந்தவை வீட்டு மின்னணுச் சாதனங்கள்; அவற்றின் சில்லுகள் பலவகைப்பட்டவை என்பதால், எந்தச் சில்லையும் சாராத மொழி தேவைப்பட்டது. ஓக் என்று முதலில் அழைக்கப்பட்ட அது, 1995இல் ஜாவா என்ற பெயரில் வெளிவந்தது.

முதலில் ஜாவா நிரல் எழுதத் தேவையான கருவித்தொகுப்பான ஜேடிகேயின் 21ஆம் பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். பிறகு 'கொலுசு' என்று ஒரு கிளாஸ், அதாவது ஒரு பொருளின் விவரங்களையும் செயல்களையும் வரையறுக்கும் அச்சு, எழுதுங்கள். எல்லா மொழி எழுத்துகளுக்குமான யூனிகோடு குறியீட்டை ஜாவா ஏற்பதால் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். ஜாவாவின் 18ஆம் பதிப்பு முதல், யூனிகோடு எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 இயல்பிருப்பு என்பதால் எழுத்துகள் சிதைவதும் குறைவு. கோப்பின் பெயரும் பப்ளிக் (எங்கிருந்தும் அணுகக்கூடிய) கிளாஸின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எடை, கூலி ஆகிய இரண்டையும் பிரைவேட் என்று அறிவியுங்கள். அப்போதுதான் நிரலின் வேறொரு மூலையிலிருந்து எவரும் எடையை நேரடியாக மாற்ற முடியாது. மாற்றம் நீங்கள் கிளாஸுக்குள் எழுதும் மெத்தட் (செயற்கூறு) வழியாகவே வரும், எதிர்ம எண் வந்தால் அங்கேயே மறுத்துவிடலாம். எடையைத் தசமக் கிராமில் வைக்காமல் மில்லிகிராமில் முழு எண்ணாக வைப்பதே என் பரிந்துரை, ஏனெனில் தசம எண்களுக்கான டபுள் வகையில் 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் சரியாக 0.3 வராது. முழு எண்களுக்கான இன்ட் வகை எந்தக் கணினியிலும் 32 பிட்தான். மில்லிகிராமில் ஏறத்தாழ 2147 கிலோ வரை தாங்கும், ஒரு ஜோடிக் கொலுசுக்கு இது தாராளம். மெட்டி, அரைஞாண் என்று நகைகள் பெருகினால் மட்டும் 'வெள்ளிநகை' என்ற பொதுக் கிளாஸை உருவாக்கி, மற்றவற்றை அதிலிருந்து பெறச் செய்யுங்கள். பாடப்புத்தகத்தில் இருக்கிறதே என்பதற்காகத் தொடக்கத்திலேயே மரபுரிமையைப் புகுத்த வேண்டாம்.

எழுதிய நிரலைக் கம்பைல் செய்ததும், அதாவது மொழிபெயர்த்ததும், கிடைப்பது இயந்திர மொழி அன்று, பைட்கோடு என்ற இடைநிலைக் குறியீடு. அதைப் புரிந்துகொண்டு இயக்குவது அந்தந்தக் கணினியில் உள்ள ஜேவிஎம் (ஜாவா மெய்நிகர் இயந்திரம்) என்ற மென்பொருள். பயன் முடிந்த ஆப்ஜெக்டுகளின் (கிளாஸிலிருந்து உருவாகும் பொருள்களின்) நினைவகத்தையும் அதுவே மீட்டுக்கொள்ளும்.

பைட்கோடு அடங்கிய கிளாஸ் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துச் செல்லும் முன், ஏற்காட்டுக் கணினியில் உள்ள ஜாவாவின் பதிப்பைக் கேட்டறியுங்கள். அங்கே 17 இருந்து நீங்கள் 21க்குக் கம்பைல் செய்திருந்தால், ஜேவிஎம் அக்கோப்பை ஏற்காது. கம்பைல் கட்டளையில் 'ரிலீஸ் 17' (--release 17) என்ற தெரிவைச் சேர்த்து மீண்டும் கம்பைல் செய்யுங்கள்.