திரைவிழாவுக்கு நாள் எண்ணுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடையில் நடக்கும் பால்புதுமையினர் (எல்ஜிபிடிக்யூ, அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலானோர்) திரைவிழாவின் அட்டவணை வெளியானதுமே பலரும் செய்யும் முதல் வேலை, தொடக்க நாள் படத்துக்கும் நிறைவு நாள் படத்துக்கும் டிக்கெட் எடுப்பது. எடுக்கட்டும், பெரும்பாலும் அவை நல்ல படங்களாகவே இருக்கும். ஆனால் வேலை முடிந்தது என்று அட்டவணையை அத்தோடு மூடிவிடுகிறார்களே, அதுதான் நான் பார்த்தவரை முதல் தவறு.

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் விழாக்காரர்கள் கொஞ்சம் பெயர் தெரிந்த படங்களையே வைப்பார்கள். அவற்றில் பலவற்றுக்கு விநியோகஸ்தர் ஏற்கெனவே கிடைத்திருப்பார். சில மாதங்களில் தியேட்டருக்கோ ஓடிடிக்கோ வந்துவிடும். நடுவில் ஒரு வேலை நாளின் பிற்பகலில், சின்ன அரங்கில் ஒரே ஒரு காட்சியாகப் போடும் ஆவணப்படத்தின் கதை வேறு. அதை எடுத்தவர் சொந்தக் காசையும் நண்பர்களின் காசையும் போட்டிருப்பார். விழாக்களைத் தாண்டி அது எங்கேயும் போகாமல் நின்றுவிடலாம். "அப்புறம் ஆன்லைனில் பார்த்துக்கலாம்" என்று நீங்கள் தள்ளிவைப்பது பல சமயம் அந்த மாதிரிப் படத்தைத்தான். அந்த 'அப்புறம்' வருவதே இல்லை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு தொழில்நுட்ப விஷயமும் உண்டு. இன்று தியேட்டருக்குப் படம் ஃபிலிம் சுருளாக வருவது அபூர்வம். டிசிபி என்கிற டிஜிட்டல் கோப்பாகத்தான் வருகிறது. அந்தக் கோப்பைப் பூட்டி அனுப்பியிருந்தால், திறப்பதற்கு கேடிஎம் என்கிற சாவி தனியாக வர வேண்டும். அந்தச் சாவி குறிப்பிட்ட அரங்கின் கருவிக்கு மட்டும், குறிப்பிட்ட நாள் நேரத்துக்குள் மட்டும் வேலை செய்யும். நேரம் தாண்டிவிட்டால், படம் அதே அரங்கின் சர்வரில் இருந்தாலும் திரைக்கு வராது. அதனால் "இவ்வளவு கூட்டம் இருக்கே, நாளைக்கு இன்னொரு காட்சி போடக் கூடாதா?" என்று வாசலில் நிற்கும் தன்னார்வலரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. படத்தின் உரிமையாளர் சம்மதித்துப் புதுச் சாவி தர வேண்டும், அரங்கு காலியாக இருக்க வேண்டும், பணம் பேச வேண்டும். ஆகவே, ஒரே காட்சி உள்ள படங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காட்சி உள்ளவற்றை மிச்ச இடத்தில் பொருத்திக்கொள்ளலாம்.

குறும்படத் தொகுப்புகளைத் தாண்டிப் போவதும் இதே வகைத் தவறுதான். இந்த விழாக்களின் வேரே குறும்படம்தான். உலகில் மிக நீண்ட காலமாக நடந்துவரும் பால்புதுமையினர் திரைவிழாவான ஃப்ரேம்லைன், 1977-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியபோது அதில் ஓடியவை சூப்பர் 8 ஃபிலிமில் எடுத்த சின்னச் சின்னப் படங்கள். கையில் கிடைத்த கேமராவில் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எடுத்துத் தங்கள் ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் 2007 முதல் நடக்கும் ஐரிஸ் விழா, குறும்படத்துக்கு என்றே 30,000 பவுண்டு பரிசு தருகிறது. அடுத்த படத்தை எடுக்க அந்தப் பணம் உதவ வேண்டும் என்பதுதான் எண்ணம். ஒன்றரை மணி நேரத் தொகுப்பில் ஏழெட்டுப் படம் வரும். இரண்டு சுமாராக இருக்கும், ஒன்று புரியாது. இன்னொன்று வாரக்கணக்கில் கூடவே வரும். அந்த ஒன்றுக்காக மற்றதை உட்கார்ந்து பார்க்கலாம் என்பேன்.

அடுத்தது, எல்ஜிபிடிக்யூ என்பதில் தன் எழுத்துக்கு மட்டும் டிக்கெட் எடுப்பது. கே ஆண்கள் கே படங்களுக்கு, லெஸ்பியன் பெண்கள் லெஸ்பியன் படங்களுக்கு, திருநர் பற்றிய ஆவணப்படத்துக்குத் திருநர்களும் அவர்களின் நண்பர்களும் மட்டும். இடைபாலினர் பற்றிய படம் என்றால் அரங்கில் பாதி நாற்காலி காலி. தன்னைத் திரையில் பார்க்கும் ஏக்கம் எனக்குப் புரிகிறது. வருஷம் முழுக்க அதற்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் ஐந்து டிக்கெட்டில் ஒன்றையாவது நமக்குத் தெரியாத வாழ்க்கைக்குக் கொடுக்கலாமே.

அட்டவணையில் செய்யும் தவறுகள்

படம் 95 நிமிடம் என்று போட்டிருந்தால், அது முடிந்த பத்தாவது நிமிடத்தில் அடுத்த அரங்கில் இருப்போம் என்று கணக்குப் போடாதீர்கள். முதலில் அறிமுகப் பேச்சு, பிறகு புரவலர்களுக்கு நன்றி, பிறகுதான் படம். முடிந்ததும் இயக்குநருடன் உரையாடல். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அந்த உரையாடலைப் பாதியில் விட்டு ஓடுவதற்கு, நடுவே ஒரு காட்சியையே விட்டுவிடலாம்.

பால்புதுமையினரின் பிரைடு ஊர்வல நாளையும் சேர்த்துப் பாருங்கள். இந்த விழாக்களில் பல ஜூன் மாதத்தை ஒட்டி அமைவதற்குக் காரணம் உண்டு. 1969 ஜூன் 28 அதிகாலை நியூயார்க்கில் பால்புதுமையினர் கூடும் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் நுழைந்தபோது உள்ளே இருந்தவர்களும் தெருவில் கூடியவர்களும் எதிர்த்து நின்றார்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் நினைவு ஊர்வலம் நடந்தது. பிறகு அந்த வழக்கம் ஊர் ஊராகப் பரவியது. (சிட்னியில் ஊர்வலமும் திரைவிழாவும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். அங்கே கோடை முடிகிற நேரம் அது.) எனவே ஊர்வலமும் விழாவும் ஒரே வாரத்தில் வரும் நகரத்தில் சாலைகளை மூடியிருப்பார்கள், அறை கிடைக்காது, அரங்குக்குப் போய்ச் சேர வழக்கத்தைவிட நேரமாகும்.

டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று பார்த்ததும் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு. படக்குழுவுக்கும் புரவலர்களுக்கும் ஒதுக்கிவைத்த இருக்கைகள், பாஸ் வைத்திருந்தும் வராதவர்களின் இருக்கைகள் எல்லாம் காட்சி தொடங்கச் சற்று முன்பு வரிசையில் நிற்பவர்களுக்குப் போகும். பல விழாக்கள் இதற்கென்றே தனி வரிசை வைத்திருக்கின்றன. முன்கூட்டியே போய் நின்றால் இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த வரிசையில் எனக்குக் கிடைத்த சிநேகிதங்களும் உண்டு.

ஒரே நாளில் கனமான படங்களை அடுக்காதீர்கள். வீட்டிலிருந்து துரத்தப்படுவது, தன்பாலீர்ப்பை 'மாற்றும் சிகிச்சை' என்ற பெயரில் நடக்கும் கொடுமை, தற்கொலை, வன்முறை. இவை வரும் படங்களுக்குப் பல விழாக்கள் தங்கள் நிகழ்ச்சிக் கையேட்டிலேயே எச்சரிக்கை போடுகின்றன. அதைப் படிக்காமல் போய், பழைய காயம் கிளறப்பட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பது மிகவும் சிரமம். சந்தேகமாக இருந்தால் ஓர இருக்கையாக எடுங்கள். நடுவில் எழுந்து போவது படத்துக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது. வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பியும் வரலாம்.

போட்டோ

மற்ற தவறுகள் எல்லாம் நமக்கு ஒரு படத்தை இழக்கச் செய்யும். இது இன்னொருவருக்கு வீட்டையே இழக்கச் செய்யலாம்.

நான் முதன்முதலில் போன விழாவில் படம் முடிந்து விளக்கு எரிந்தது. முந்நூறு பேர் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு கூட்டத்தின் நடுவே நான் அதுவரை நின்றதே இல்லை. மனசு நிறைந்துபோய், மேடைப் பக்கம் போய்த் திரும்பி நின்று முழு அரங்கையும் ஒரு போட்டோ எடுத்து அங்கேயே பதிவிட்டேன். வெளியே வருவதற்குள் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி வந்திருந்தது: "மூன்றாவது வரிசை, இடது பக்கம் இருப்பது நான். தயவுசெய்து எடுத்துவிடுங்கள்." போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைதட்டும் முகங்களுக்கு நடுவே ஒரே ஒரு முகம் மட்டும் கேமராவைப் பார்த்துவிட்டிருந்தது. பாதி உயர்ந்த கை, முகத்தை மறைக்க வருவதற்குள் நான் எடுத்துவிட்டிருந்தேன். உடனே அழித்தேன். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்கள், அவர் வீட்டில் யாராவது பார்த்தார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரிடம் கேட்கும் தைரியமும் வரவில்லை.

அந்த அரங்கில் இருக்கும் எல்லோரும் ஒரே அளவு வெளிப்படையாக வாழ்கிறவர்கள் கிடையாது. சிலர் நண்பர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். சிலர் மணமானவர்கள். சிலருக்குத் தாங்கள் யார் என்றே இன்னும் முடிவாகத் தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறார்கள். தன்பாலீர்ப்பைக் குற்றமாக வைத்திருக்கும் நாட்டிலிருந்து வந்தவர்களும் இருக்கலாம். எனவே திரையை எடுங்கள், சுவரொட்டியை எடுங்கள், சம்மதம் கேட்டு நண்பரை எடுங்கள். கூட்டத்தை எடுக்காதீர்கள். முதுகுப் பக்கம்தானே என்றும் எண்ண வேண்டாம். சட்டையையும் முடியையும் வைத்தே தன் பிள்ளையை ஒரு தாய் கண்டுபிடித்துவிடுவார். போட்டோவுக்குச் சம்மதம் இல்லாதவர்களுக்குத் தனி நிறத்தில் ஸ்டிக்கரோ கழுத்துப் பட்டையோ தரும் விழாக்கள் உண்டு. நுழையும்போதே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதிவில் இன்னொருவர் பெயரைச் சேர்ப்பதும் இதே தவறுதான். அடுத்த நாள் அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் "நேற்று உங்களை விழாவில் பார்த்தேனே!" என்று உற்சாகமாகச் சொல்வதும் அப்படியே. அவராகப் பேச்சை எடுத்தால் பேசுங்கள். இல்லையென்றால் நீங்கள் அவரைப் பார்க்கவே இல்லை.

உங்களுக்கே இன்னும் வெளியே சொல்லும் சூழல் இல்லை என்றால், டிக்கெட்டை வீட்டில் எல்லோரும் பார்க்கும் மின்னஞ்சலுக்கு வரவைக்காதீர்கள். குடும்பத்தோடு பகிரும் காலண்டரில் அது தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும் வசதியை முதலில் நிறுத்திவிடுங்கள். பணம் யார் கணக்கிலிருந்து போகிறது, அந்தக் கணக்கின் குறுஞ்செய்தி யார் போனுக்கு வருகிறது என்றும் ஒரு முறை பாருங்கள். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு.

பேச்சில்

வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம் "நீங்க என்ன, கேயா, லெஸ்பியனா?" என்று கேட்காதீர்கள். "என்ன படம் பார்த்தீங்க?" போதும். தோழமையாக வந்திருப்பவர்கள் "நான் அப்படி இல்லை, சும்மா நண்பருக்காக வந்தேன்" என்று முதல் வாக்கியத்திலேயே அறிவிப்பதையும் தவிர்க்கலாம். உங்களிடம் யாரும் கேட்கவில்லை. அது காதில் விழுகிறவருக்குத் தாம் ஏதோ விலகி நிற்க வேண்டிய ஆள் போலத் தோன்றும்.

இயக்குநருடன் உரையாடும்போது மைக் கைக்கு வந்ததும் சொந்தக் கதையைப் பத்து நிமிடம் சொல்லும் ஆசை வரும். சொல்ல வேண்டிய கதைதான், எங்கேயும் சொல்ல முடியாமல் வைத்திருந்ததாகவும் இருக்கும். அதை வெளியே கூடத்தில் அவரிடம் நேரில் சொல்லுங்கள், அவரும் நிதானமாகக் கேட்பார். மைக்கில் ஒரு கேள்வி மட்டும். நடிகர் நிஜத்தில் கேயா, லெஸ்பியனா என்று கேட்காதீர்கள். ஆவணப்படம் என்றால் அதில் வந்தவரே அரங்கில் உட்கார்ந்திருக்கலாம். திருநர் ஒருவரின் உடல், அறுவைச் சிகிச்சை பற்றி நூறு பேர் முன்னால் கேட்பது எந்த ஊரிலும் நாகரிகம் இல்லை.

படம் சோகமாக முடிந்தால் "மறுபடியும் எங்களைச் சாகடித்துவிட்டீர்களே" என்று கோபப்படுகிறவர்களை ஒவ்வொரு விழாவிலும் பார்க்கிறேன். அந்தக் கோபத்துக்கு நியாயமான வரலாறு இருக்கிறது. ஹாலிவுட்டில் 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்து 1968 வரை இருந்த தணிக்கை விதி, தன்பாலீர்ப்பை வெளிப்படையாகக் காட்டவே 1961 வரை தடை போட்டிருந்தது. மறைமுகமாகக் காட்டியபோதும் அந்தப் பாத்திரம் வில்லனாகவோ பரிதாபமாகச் சாகிறவராகவோதான் வந்தது. ஆனால் ஒரு இளம் இயக்குநர் தன் இறந்துபோன காதலரைப் பற்றி எடுத்த படத்தையும் அதே தராசில் நிறுத்துவது சரியாகப் படவில்லை எனக்கு.

கடைசியாக, வாக்குச்சீட்டு. பார்வையாளர் விருது வைத்திருக்கும் விழாக்களில் உள்ளே போகும்போதே கையில் ஒரு சின்னச் சீட்டு தருவார்கள், அல்லது க்யூஆர் குறியீட்டைத் திரையில் காட்டுவார்கள். பெரும்பாலானவர்கள் பேசிக்கொண்டே வெளியேறும் அவசரத்தில் அதை இருக்கையிலேயே விட்டுவிடுகிறார்கள். விளம்பரத்துக்குப் பணமில்லாத படத்துக்கு, 'பார்வையாளர் விருது' என்ற இரண்டு சொல் சுவரொட்டியில் ஏறினால் அடுத்த விழாவின் கதவு திறக்கும், சில சமயம் விநியோகஸ்தரும் கிடைப்பார். இத்தனைக்கும் சீட்டில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை, ஓரத்தில் உங்களுக்குப் பிடித்த எண்ணுக்கு நேராகக் கிழித்தால் போதும். வாசலில் பெட்டி இருக்கும். போட்டுவிட்டுப் போங்கள்.