மூல நூலைக் கொடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில். சாமி 1981-இல் கோட்டைக் கோவிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாற்றிலும் எப்போதாவது வெள்ளம் வருகிறது. மூல நூல் இல்லாத வரலாற்று வகுப்பு மட்டும் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. கிறிஸ்தவச் சிந்தனை வரலாறு என்று சொல்லிவிட்டு, யாரோ எழுதிய சுருக்கத்தை மேலும் சுருக்கி நோட்ஸ் கொடுப்போம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். உபதேசியார்களும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுமாக இருபது பேர், சனிக்கிழமை மாலை வகுப்பு.

சரி, மூல நூலையே கொடுத்துவிடலாம் என்று துணிந்த பிறகுதான் பெரிய தவறுகளைச் செய்தேன்.

ருசியான துண்டை மட்டும் வெட்டிக் கொடுத்தது ஒன்று. ஆதித் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீனாரின் 'அறிக்கைகள்' நூலில், பதினாறு வயதில் கூட்டாளிகளோடு பேரிக்காய் திருடிய கதை வரும். அந்த ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். "இதுக்கா இவ்வளவு அழுகை? நாங்க திருடாத மாங்காயா ஐயா?" என்று ஒருவர் கேட்க, வகுப்பே சிரித்தது. அவர்மேல் தப்பில்லை. பசியும் இல்லை, வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது, பறித்ததையும் பன்றிகளுக்கே எறிந்தோம், பின் எதற்காகத் திருடினேன் என்று அகுஸ்தீனார் தன்னையே குடைந்து கேட்பது அதன்பின் வரும் பக்கங்களில். தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்று வந்து சேர்வதும் அங்கேதான். நான் சம்பவத்தைக் கொடுத்துவிட்டுச் சிந்தனையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த வாரம் அந்த நூலின் இரண்டாம் பாகத்தை முழுதாகக் கொடுத்தேன், நீளம் குறைவுதான். "தனியா போயிருந்தா நானும் மரம் ஏறியிருக்கமாட்டேன்" என்றார் அதே மாங்காய்க்காரர்.

நிசேயாவில் சறுக்காதவர்கள் குறைவு. ஆராதனையில் நாம் சொல்லும் நிசேயா விசுவாசப்பிரமாணத்தை 325-இல் நிசேயா நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தின் வாசகம் என்று அச்சடித்துக் கொடுத்துவிடுவோம். 325-இன் வாசகம் பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னதோடு நின்று, குமாரன் படைக்கப்பட்டவரே என்று போதித்த ஆரியுஸின் கருத்துகளைச் சபிக்கும் வரிகளுக்கு நேராகப் போய்விடும். நாம் சொல்லும் நீண்ட வடிவம் 381-இல் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தின் பெயரால் வழங்குவது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே, இடைப்பட்ட 56 ஆண்டுகளில் எதைப் பற்றி வாக்குவாதம் வளர்ந்தது என்று மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம், தீர்ப்பை மட்டும் படிக்கவைத்து, தோற்றவரைப் பேசவே விடாமல் இருப்பது. ஆரியுஸ் எழுதிய 'தாலியா' என்ற நூல் பெரும்பாலும் அவருடைய எதிரி அத்தனாசியார் எடுத்துக்காட்டிய வரிகளில்தான் மிஞ்சியிருக்கிறது. எதிரி பொறுக்கிய வரிகளை வைத்து ஒருவரை எடைபோட முடியுமா? ஆனால் நிக்கொமேதியா ஆயர் யூசேபியுவுக்கு ஆரியுஸ் எழுதிய கடிதம் இருக்கிறது, சின்னதுதான். தன் ஆயர் தன்னை ஊரைவிட்டே துரத்துகிறார் என்று முறையிடும் ஒரு மனிதரை அதில் பார்க்கலாம். அவர் சொன்னதை ஏற்கவேண்டியதில்லை. கூத்தில் வரும் இரணியனாக்கி உறுமவைக்க மட்டும் மனம் வராது.

மொழிபெயர்ப்பை மூலமாகவே எண்ணிக்கொள்வது இன்னும் நுட்பமான தவறு. கிரேக்க விசுவாசப்பிரமாணத்தில், குமாரன் பிதாவோடு எப்படி ஒன்றானவர் என்று சொல்ல 'ஹோமோஊசியோஸ்' என்ற ஒரே சொல். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் பிதாவோடே 'ஒரே தன்மையுடையவர்' என்கிறோம். கத்தோலிக்க ஆலயத்தில் தந்தையோடு 'ஒரே பொருளானவர்' என்கிறார்கள். இரண்டையும் கரும்பலகையில் எழுதினேன். "எனக்கும் என் தம்பிக்கும்கூட ஒரே மனிதத் தன்மைதான். ஆனா நாங்க ரெண்டு பேராச்சே?" என்று ஓர் ஆசிரியை கேட்டார். நான்காம் நூற்றாண்டில் இதே கேள்வி எழுந்துதான், பிதா, குமாரன், ஆவி என்பதால் மூன்று தேவர்கள் இல்லை என்று விளக்க நிஸ்ஸா ஊரின் ஆயர் கிரெகோரியார் ஒரு சிறு நூலே எழுதவேண்டி வந்தது. ஒரே மொழிபெயர்ப்போடு நின்றிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஆயர்களையும் அறிஞர்களையும் மட்டும் அடுக்கிவிடவும் கூடாது. 203-இல் கார்த்தேஜில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட இளம் தாய் பெர்பேத்துவாவின் சிறைக் குறிப்பை ஒரே மாலையில் படித்துவிடலாம்.

நம் பக்கத்து ஆவணங்களுக்கு வருவோம். 1853-இல் ஸ்கட்டர் சகோதரர்கள் தொடங்கிய ஆர்க்காடு மிஷனின் ஆண்டறிக்கைகளை இவ்வூர்க் கிறிஸ்தவர்களின் சிந்தனை என்று கொடுப்பவர்கள் உண்டு. அவை அமெரிக்காவில் காணிக்கை கொடுத்தவர்கள் படிப்பதற்காக மிஷனரிகள் எழுதியவை. மிஷனரிகள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு நல்ல சான்று. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேட்டவர் என்ன நினைத்தார் என்பதற்கு அவ்வளவாக உதவாது.

தமிழில் எழுதிய சிந்தனை வேண்டுமென்றால் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவேண்டும். அதை இலக்கியம் என்று ஒதுக்கிவிடுவதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. கிறிஸ்தவக் கவிஞர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியம் 1894-இல் வந்தது. அதிலுள்ள 'சத்தாய் நிஷ்களமாய்' என்று தொடங்கும், தேவார வடிவில் அமைந்த பாட்டை என் வகுப்பில் பாடத் தெரியாதவர் எவருமில்லை. சத்து, சித்து, ஆனந்தம் என்று இந்த நாட்டுத் தத்துவச் சொற்களை வரிசையாக வைத்து, அவற்றைத் திரித்துவத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார். முதலில் பாடச் சொன்னேன், கணீரென்று பாடினார்கள். பிறகு 'நிஷ்களம்' என்றால் என்ன என்று கேட்டேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கூறுபடாதது, உருவமற்றது என்று சொல்லிவிட்டு, போன மாதம் எழுதிய 'தன்மை', 'பொருள்' இரண்டையும் மறுபடி பலகையில் எழுதினேன். அன்று காட்பாடிப் பக்கம் போகவேண்டிய நான்கு பேர் வழக்கமான பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.