ஜனாதிபதிக்குக் கடிதம் போடமுதல்

ஒழுங்கை குண்டும் குழியுமாய்க் கிடக்குது என்று ஜனாதிபதி செயலகத்துக்கு எழுதினால், கடிதம் பெரும்பாலும் 'உரிய நடவடிக்கைக்காக' என்ற குறிப்போடு யாழ்ப்பாணக் கச்சேரிக்கே (மாவட்டச் செயலகத்துக்கே) திரும்பி வரும். கச்சேரிக்கு அந்த ஒழுங்கை சொந்தமில்லை.

முதலில் வீதி யாருடையது என்று பாருங்கோ. ஏ9 போன்ற ஏ, பி தர வீதிகள் மத்திய வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. சி, டி தரம் மாகாணத்துக்கு. ஒழுங்கை உங்கள் பிரதேச சபைக்கு, நகரமென்றால் நகர அல்லது மாநகர சபைக்கு. ஜனாதிபதியின் சொல் நேராக ஓடுவது முதல் வகையில்தான். (ஆளுநரை நியமிப்பவரும் அவரே, மாகாணத்திலும் நிழல் விழும்.)

சபைக்கு எழுதும்போது வட்டாரம், ஒழுங்கைப் பெயர் போட்டு, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கோ. முத்திரை இல்லையென்றால் 'கடிதமே வரவில்லை' என்பார்கள். பதிலில்லையா? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒழுங்கையைத் திருத்துவதற்கான செலவு மதிப்பீட்டின் பிரதியைச் சபையிடம் கேளுங்கோ. தருவதா இல்லையா என்று 14 வேலைநாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும்.