ப்ராசஸர் போகவில்லை, அதை எதில் மாட்டியிருக்கிறீர்கள்?

"அண்ணா, ப்ராசஸர் போச்சுன்னு நினைக்கிறேன். வீட்ல ஹெட்போன்ல சூப்பரா இருந்துச்சு. இங்க மேடையில மாட்டினா கொசு மாதிரி கத்துது."

கிட்டார் வாசிக்கும் தம்பிகளிடமிருந்து எனக்கு அதிகம் வரும் போன் இதுதான். வரவேற்புக் கச்சேரி தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதோ, ஞாயிறு ஆராதனைக்குச் சற்று முன்போதான் வரும். நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: "எதுல மாட்டியிருக்க?"

கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் டிஜிட்டல் ஆம்ப், அதைப் பல விதமாக மாற்றித் தரும் மல்டி எஃபெக்ட்ஸ் ப்ராசஸர் எல்லாம் உள்ளே கணக்குப் போடும் பெட்டிகள். பழைய ஆம்பின் கண்ணாடி வால்வு தேய்வதுபோலக் கணக்கு தேயாது. ஆனால் தன் வாயில் என்ன நுழைகிறது, தன் வாலில் என்ன தொங்குகிறது என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும். நான் பார்த்த 'பழுதுகளில்' பெரும்பாலானவை அதைச் சொல்ல மறந்ததால் வந்தவை.

ஸ்பீக்கரை மறந்துவிடுவது

முதலில் அந்தக் கொசுச் சத்தம். கிட்டார் ஆம்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் எல்லா ஒலியையும் தராது. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் சத்தம் மளமளவென்று இறங்கிவிடும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் அதற்கு மேலேயும் ஏகப்பட்ட கரகரப்பு உண்டாகிறது. ஆனால் அந்த ஸ்பீக்கர் அதை வெளியே விடுவதில்லை. நமக்குப் பழகிய ராக் கிட்டார் ஒலி, இந்த வடிகட்டலையும் சேர்த்துத்தான். மேடையிலோ சர்ச்சிலோ கூட்டத்துக்காக வைத்திருக்கும் பி.ஏ. ஸ்பீக்கர் பாடகர் குரலுக்கும் சிம்பலுக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது. உயர் ஒலிகளை அப்படியே காட்டிவிடும். வடிகட்டாத டிஸ்டார்ஷனை நேரே மிக்சருக்கு அனுப்பினால் கொசுதான் கேட்கும்.

அந்த ஸ்பீக்கரின் வேலையைச் செய்வதற்காகவே ப்ராசஸருக்குள் கேபினெட் சிமுலேஷன் இருக்கிறது. புதிய பெட்டிகளில் ஐ.ஆர். (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) என்ற பெயரிலும் வரும். விதி எளியது. மிக்சர், ஹெட்போன், பவர்டு ஸ்பீக்கர், கம்ப்யூட்டர் ரெக்கார்டிங் என்றால் கேபினெட் ஆன். நிஜமான கிட்டார் ஆம்ப் என்றால் கேபினெட் ஆஃப். இரண்டாவதை மறந்தால் விளைவு நேர்மாறாக இருக்கும். ஒரே வடிகட்டல் இரண்டு முறை நடந்து, ஒலி கம்பளி போர்த்தியது போல மங்கும். "என் ப்ராசஸர்ல ட்ரெபிளே இல்ல" என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

சில பெட்டிகளில் இதை ஒவ்வொரு பேட்ச்சிலும், அதாவது நாம் சேமித்து வைக்கும் ஒவ்வொரு ஒலி அமைப்பிலும், தனித்தனியே மாற்ற வேண்டியதில்லை. பாஸ் நிறுவனத்தின் ஜி.டி.–1 ப்ராசஸர் போன்றவற்றில் அவுட்புட் செலக்ட் என்று ஒரு மெனு உண்டு. 'நீ என்னை எதில் மாட்டியிருக்கிறாய்' என்று பெட்டியே கேட்பதுபோலத்தான் அது. ஹெட்போனுக்கும் மிக்சருக்கும் ஒரு தேர்வு, கிட்டார் ஆம்புகளுக்கு வேறு தேர்வுகள். வாங்கி இரண்டு வருஷமாகியும் அந்த மெனுவுக்குள் போகாதவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்று ராத்திரியே திறந்து பாருங்கள்.

கூடவே வரும் இன்னொரு தவறு, ஆம்புக்குள் ஆம்பை வைப்பது. ப்ராசஸரில் ஒரு ஆம்ப் மாடல் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கொண்டுபோய் நிஜ ஆம்பின் முன்பக்க இன்புட்டில் குத்துவார்கள். அந்த ஆம்புக்கும் சொந்தமாக ஒரு ப்ரீஆம்ப், அதாவது ஒலியின் குணத்தை முதலில் வடிக்கும் பகுதி, இருக்கிறது. ஏற்கெனவே சமைத்த குழம்பை மறுபடி தாளித்த கதை. பின்பக்கத்தில் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் அல்லது பவர் ஆம்ப் இன் என்ற துளை இருந்தால் அதில் மாட்டுங்கள். ப்ரீஆம்ப் தாண்டப்பட்டுவிடும். அந்தத் துளை இல்லையென்றால் ஆம்பை க்ளீன் சேனலில் வைத்து, ப்ராசஸரின் ஆம்ப் மாடலையும் கேபினெட்டையும் அணைத்துவிட்டு, ஓவர்டிரைவ் (மிதமான கரகரப்பு), டிலே (திரும்பத் திரும்பக் கேட்கும் ஒலி), ரிவெர்ப் (அறையின் எதிரொலி) மட்டும் பயன்படுத்துங்கள். பல ஒத்திகை அறைகளில் இருக்கும் ரோலண்ட் ஜே.சி.–120 ஆம்ப் இந்த வழிக்கு மிக நன்றாக ஒத்துழைக்கும்.

படுக்கையறையில் செய்த பேட்ச்

1933இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காதைப் பற்றி முக்கியமான ஒன்றை அளந்து காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடித்தள ஒலி சரியாகக் கேட்காது, மிக உயர்ந்த ஒலியும் மங்கும். சத்தம் கூடக்கூட அவை நிமிர்ந்து வரும். கிட்டார் வாசிக்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்கு, வீட்டில் யாரும் எழுந்துவிடக் கூடாதென்று மெல்லிய சத்தத்தில் பேட்ச் செய்வோம். காதுக்குக் கேட்காத பேஸையும் ட்ரெபிளையும் கையால் கூட்டுவோம். நடு ஒலி முரட்டுத்தனமாகத் தோன்றும், அதைக் குறைப்போம். மேடையில் பத்து மடங்கு சத்தத்தில் அதே பேட்ச் 'தொம் தொம்' என்று அதிரும், மேலே காதைக் கிழிக்கும், நடுவில் வெறுமையாக இருக்கும். அந்த நடுப்பகுதியில்தான் கிட்டாரின் குரல் இருக்கிறது. அதை வெட்டியவர் தன்னையே பேண்டிலிருந்து வெட்டிக்கொள்கிறார்.

ஆகவே மேடைக்கான பேட்ச்சை மேடைச் சத்தத்தில்தான் முடிக்க வேண்டும். வாய்ப்பில்லை என்றால் குறைந்தது இவ்வளவாவது செய்யுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், அங்கே பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் இருக்கின்றன. கரகரப்பின் அளவைக் கூட்டும் கெயினை வீட்டில் வைத்ததைவிடக் குறையுங்கள். கல்யாண மண்டபத்துக்கு அதற்கே உரிய எதிரொலி நிறைய உண்டு, அதனால் ரிவெர்ப்பைப் பாதியாக்குங்கள். அப்புறம், பேட்ச்களின் சத்தத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சமன்செய்யுங்கள். க்ளீன் பேட்ச்சிலிருந்து லீடுக்குத் தாவும்போது சவுண்ட் இன்ஜினியர் மிக்சரில் உங்கள் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரைத் தேடி ஓடக் கூடாது. அப்படி ஒருமுறை அவரை ஓட வைத்தால், மீதிக் கச்சேரி முழுவதும் உங்கள் ஃபேடர் கீழேயே இருக்கும்.

அடாப்டர்

எரிந்துபோன பெட்டிகள் என் கைக்கு வந்ததும் உண்டு. அநேகமாக எல்லாமே அடாப்டரால் போனவை.

காலால் மிதித்து இயக்கும் எஃபெக்ட்ஸ் பெடல்களில் வழக்கம், 9 வோல்ட் டி.சி., நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டரும் செட்டாப் பாக்ஸ் அடாப்டரும் பார்க்க அதே பின்தான். ஆனால் அவை பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். பின் நுழைகிறதே என்று குத்தினால் சில நேரம் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடு காப்பாற்றும், சில நேரம் கருகல் வாசனைதான் வரும். அடாப்டரின் மேல் சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஒரு வட்டத்துக்குள் புள்ளி போட்ட படம் இருக்கும், எது நடுமுனை என்பதை அது சொல்லும்.

வோல்ட், நடுமுனை தவிர மூன்றாவது ஒன்றும் உண்டு, அதிகம் கவனிக்கப்படாதது: மில்லிஆம்பியர். சாதாரண அனலாக் ஓவர்டிரைவ் பெடலுக்கு 20 மில்லிஆம்பியர்கூடத் தேவைப்படாது. ஜூம் ஜி1 ஃபோர் என்ற சிறிய ப்ராசஸருக்கு 500 மில்லிஆம்பியர் அடாப்டர். லைன் 6 ஹெச்.எக்ஸ். ஸ்டாம்ப் ப்ராசஸருடன் வரும் அடாப்டர் 3 ஆம்பியர். மூன்றுக்குமே 9 வோல்ட்தான், ஆனால் பசி வேறு. வோல்ட் அச்சாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் தேவைக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் கெடுதல் இல்லை, பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். குறைந்தால்தான் தொல்லை. திரை மினுக்கும், பேட்ச் மாற்றும்போது தானாக அணைந்து எழும், விநோதமான இரைச்சல் வரும். ஆள் உடனே 'சாஃப்ட்வேர் கோளாறு' என்று ஃபேக்டரி ரீசெட் செய்து, ஒரு வருஷம் சேர்த்த பேட்ச்களை இழப்பார். இது என் கண் முன்னாலேயே நடந்திருக்கிறது, வயிறு எரிந்தது.

பழைய பெட்டி வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிஜிடெக்கின் நான்காம் தலைமுறை வாமி பெடல், லைன் 6இன் பழைய பச்சை டி.எல்.4 டிலே பெடல் போன்றவை 9 வோல்ட் ஏ.சி. கேட்பவை, டி.சி. அல்ல. அடாப்டர் இல்லாமல் விற்றால் விலையைக் குறைத்துப் பேசி, சரியான அடாப்டரை முதலில் தேடுங்கள். சென்னையில் இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகும்போது பெட்டியையே கையோடு கொண்டுபோங்கள். நினைவில் வைத்துச் சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம்.

ஒரே அடாப்டரிலிருந்து கிளைக் கம்பி போட்டு டிஜிட்டல் பெடலையும் அனலாக் பெடலையும் ஓட்டினால் மெல்லிய 'கீ...' சத்தம் வரும். டிஜிட்டல் பெடலின் கடிகாரத் துடிப்பு கம்பி வழியாக மற்றதற்குள் நுழைவதுதான் அது. டிஜிட்டலுக்குத் தனி அடாப்டர் கொடுத்துவிட்டால் சரி.

உர்ர்ர் சத்தம், எர்த் பின்

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கிட்டாரில் கேட்கும் 'உர்ர்' அதுவும் அதன் மடங்குகளும்தான். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, கிட்டாரின் வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். சத்தம் நின்றால் அது கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் வழியாக வருவது. ஒற்றைச் சுருள் பிக்கப் கொண்ட சிங்கிள் காயில் கிட்டார் என்றால் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஒரு திசையில் அடங்கும். நிற்கவில்லை என்றால் காரணம் கேபிளில் அல்லது மின் இணைப்பில். லேப்டாப் யு.எஸ்.பி.யில் மாட்டியிருந்தால் அதன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பல நேரம் அங்கேயே பிரச்சினை முடிந்துவிடும்.

சிலர் மூன்று பின் ப்ளக்கின் எர்த்தை உடைத்தோ, இரண்டு பின் கன்வர்ட்டர் போட்டோ இந்தச் சத்தத்தை நிறுத்துவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கிட்டாரின் கம்பிகள் கேபிள் வழியாக எர்த்தோடு இணைந்தவை, உங்கள் கை அந்தக் கம்பிகளின் மேல் இருக்கிறது, உதடு மைக்கைத் தொடுகிறது. 1972இல் லெஸ் ஹார்வி என்ற ஸ்காட்லாந்து கிட்டாரிஸ்ட், வேல்ஸின் ஸ்வான்சி நகரில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். ஜெனரேட்டரில் ஓடும் பந்தல் மேடைகளில் நான் மைக்கில் வாய் வைக்கும் முன் டெஸ்டர் வைத்துப் பார்ப்பேன். சத்தத்தை நிறுத்த, கிட்டாரை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸிலோ ப்ராசஸரின் எக்ஸ்.எல்.ஆர். அவுட் (மைக் கேபிள் மாட்டும் மூன்று முனைத் துளை) பக்கத்திலோ கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கும். அது ஆடியோ கேபிளின் இணைப்பை மட்டும் துண்டிக்கிறது, உயிரைக் காக்கும் எர்த்தைத் தொடுவதில்லை. எக்ஸ்.எல்.ஆரில் மாட்டும்போது மிக்சரில் அந்தச் சேனலின் 48 வோல்ட் ஃபேன்டம் பவரை (சில மைக்குகளுக்காகக் கேபிள் வழியே வரும் மின்சாரம்) அணைக்கச் சொல்வதும் நல்லது.

கம்ப்யூட்டரில் மாட்டும்போது

வாசித்த சுரம் இரண்டு முறை கேட்கிறதா? பெட்டியிலிருந்து நேராக ஒன்றும், கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி ஒன்றும் வருகின்றன. ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் அந்த ட்ராக்கின் மானிட்டரிங்கை அணைத்தால் போதும். சாஃப்ட்வேர் வழியாகத்தான் கேட்க வேண்டும் என்றால் பஃபரை, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலித் துண்டின் அளவை, குறையுங்கள். 48,000 சாம்பிள் வேகத்தில் 256 பஃபர் என்பது ஒரு திசைக்கு 5 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். ஒலி ஒரு மில்லிசெகண்டில் காற்றில் 34 சென்டிமீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால், ஆம்ப் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருப்பதற்குச் சமம். அதைக் கை பொறுத்துக்கொள்ளும், 1,024 வைத்தால் பொறுக்காது. விண்டோஸில் பெட்டி நிறுவனத்தின் சொந்த டிரைவரைப் போடாமல் இந்தக் கணக்கெல்லாம் பேச முடியாது.

பெட்டியின் உள் சாஃப்ட்வேரான ஃபர்ம்வேரின் அப்டேட்டைக் கச்சேரி வாரத்தில் செய்ய வேண்டாம். செய்யும் நாளில் முதலில் பேட்ச்களைக் கம்ப்யூட்டருக்கு எடுத்து வையுங்கள். ஹப் வழியாக மாட்டாமல் நேரே மாட்டுங்கள். கம்ப்யூட்டர் பெட்டியை அடையாளமே காணவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்கள் வீடு நிறையக் கிடக்கின்றன.

சின்னச் சின்ன விஷயங்கள்

மோனோவாக ஒரே கேபிள் போடும்போது லெஃப்ட்/மோனோ என்று எழுதிய துளையில் போடுங்கள். ரைட்டில் போட்டால், இடமும் வலமும் மாறி மாறிக் கேட்கும் பிங்பாங் டிலேயில் பாதி எதிரொலிகள் காணாமல் போகும். காலால் ஏற்றி இறக்கும் எக்ஸ்பிரஷன் பெடலுக்கு, ப்ளக்கில் இரண்டு வளையக் கோடுகள் உள்ள ஸ்டீரியோ கேபிள் வேண்டும். கிட்டார் கேபிளை மாட்டினால் பெடல் தாறுமாறாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காது. அந்தப் பெடலால் ஓட்டும் 'வா-வா' எஃபெக்ட் பாதியில் நின்றால் பெட்டியின் மெனுவில் பெடல் காலிப்ரேஷன் செய்யுங்கள். வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டை அதிகம் ஏற்றினால் நீளமாக நிற்க வேண்டிய சுரம் நடுவில் அறுந்துவிடும். அதற்குக் காரணம் ஸ்ட்ரிங் என்று நினைத்து செட்டையே மாற்றியவர்கள் உண்டு.

இவ்வளவும் பார்த்தும் சரியாகவில்லையா? எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கிட்டார், நல்லதென்று தெரிந்த ஒரு கேபிள், பெட்டி, அதன் சொந்த அடாப்டர், ஹெட்போன், அவ்வளவுதான். இதில் சுத்தமாகக் கேட்டால் கோளாறு பெட்டிக்கு வெளியே. ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள், எதைச் சேர்த்ததும் கெடுகிறதோ அதைப் பிடியுங்கள். ஹெட்போனிலும் கரகரத்து, கேபிளை இன்புட்டில் அசைக்கும்போது சத்தம் வந்து வந்து போனால் ஜாக்கின் ஈயப்பற்று விட்டிருக்கிறது. அது நிஜமான பழுது, நல்ல மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை. போகும்போது அடாப்டரையும் எடுத்துச் செல்லுங்கள், அவர் முதலில் அதைத்தான் கேட்பார்.