பெட்டியில் வந்திறங்கும் டிடி250: முதல் 600 மைலுக்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

கலிஃபோர்னியாவில் சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் அசூசா. அங்கிருந்து இயங்கும் சிஎஸ்சி மோட்டார்சைக்கிள்ஸ் சிறிய நிறுவனம். சீனாவின் சோங்சிங் நகரில் ஜோங்ஷென் தயாரிக்கும் வண்டிகளை இறக்குமதி செய்து, நடுவில் டீலர் இல்லாமல் வாங்குபவருக்கே நேராகவும் விற்கிறது. 2015-ல் வந்த 250 சிசி ஆர்எக்ஸ்3, பக்கப் பெட்டிகள், பின்பெட்டி, கிராஷ் கார்டு, முன்புறக் காற்றுத்தடுப்புக் கண்ணாடி எல்லாம் சேர்த்து 4,000 டாலருக்குள் தொடங்கியது. அதையடுத்து வந்த 229 சிசி டிடி250 இன்னும் மலிவு. கார்புரேட்டர், காற்றில் குளிரும் எஞ்சின், புஷ்ராடு வால்வு, செல்ஃப் ஸ்டார்ட்டோடு கிக்கரும் உண்டு. வீட்டு ஷெட்டில் வைத்துச் சொந்தக் கையால் பராமரிக்க இதைவிடத் தோதான வண்டி குறைவு.

ஆனால் விலை குறைந்ததற்கு ஒரு காரணம், டீலர் செய்யும் வேலை உங்கள் தலையில் வருவதுதான். வழக்கமான ஷோரூமில் வண்டியைக் கொடுப்பதற்கு முன் மெக்கானிக் ஒருவர் ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்திருப்பார். பெட்டியில் வரும் வண்டிக்கு அந்த மெக்கானிக் நீங்கள்தான். 'சீன வண்டி, மூன்றே மாதத்தில் ஆட்டம் கண்டுவிட்டது' என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த முதல் நாள் வேலையை யாரும் செய்யாமல் விட்டதால் வருவது.

லாரி வந்து நிற்கும்போது

டிரைவர் நீட்டும் ரசீதில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். பெட்டியை நான்கு பக்கமும் சுற்றிப் பாருங்கள். இரும்புச் சட்டம் வளைந்திருந்தால், அட்டை கிழிந்திருந்தால், கீழே எண்ணெய் கசிந்திருந்தால் படம் எடுத்துவிட்டு, ரசீதிலேயே அதை எழுதி, பிறகு கையெழுத்திடுங்கள். 'சரியாக வந்து சேர்ந்தது' என்று கையெழுத்துப் போன பிறகு லாரி நிறுவனத்திடம் இழப்பீடு வாங்குவது குதிரைக்கொம்பு.

அடுத்து தாள்கள். உற்பத்தியாளர் தரும் மூலச் சான்றிதழில் உள்ள 17 இலக்க வண்டி எண்ணும், ஹேண்டில்பாருக்குக் கீழே சட்டத்தின் கழுத்தில் பொறித்த எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். சீனாவில் தயாரான வண்டி என்பதால் எண் 'எல்' எழுத்தில் தொடங்கும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பதிவு அலுவலகத்தில் வேலை நின்றுவிடும். வண்டியைப் பிரித்துப் பூட்டுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

பெட்டிக்குள் வண்டியைப் பட்டைகளால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். முன் ஃபோர்க் அமுங்கிய நிலையில் இருக்கும். ஒரு பக்கப் பட்டையை மட்டும் சட்டென்று விட்டால் வண்டி மறுபக்கம் சாயும். எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

முன்சக்கரம்

சக்கரம் பூட்டும்வரை முன் பிரேக் லிவரைத் தொடக் கூடாது. நடுவில் டிஸ்க் இல்லாதபோது லிவரை அழுத்தினால் பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிஸ்டனும் வெளியே வந்துவிடும். பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகி வைப்பது நல்லது. டிஸ்க்கின் மேல் துருப் பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய் இருக்கும். பிரேக் கிளீனர் அடித்து, சுத்தமான துணியால் துடைத்த பிறகே சக்கரத்தை ஏற்றுங்கள். அந்த எண்ணெய் பேடில் ஏறிவிட்டால் பிரேக் பிடிக்காது. பேடையே மாற்ற வேண்டிவரும்.

அச்சில் மெல்லிதாகக் கிரீஸ் தடவி நுழைத்து, நட்டை இறுக்குங்கள். ஃபோர்க் கால் அச்சைப் பிடித்திருக்கும் சிறு போல்ட்டுகளை அப்போதே இறுக்கிவிடாதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஃபோர்க்கை ஐந்தாறு முறை நன்றாக அமுக்கி எழுப்புங்கள். ஃபோர்க்கின் இரு கால்களும் அச்சின்மீது தாமாகவே நேர்நிலைக்கு வரும். அதன் பிறகு சிறு போல்ட்டுகளை இறுக்குங்கள். இதைத் தவறவிட்டால் ஃபோர்க் உராய்ந்து இறங்கும், சிறு குழி கூடக் கையில் அடிக்கும், ஆயில் சீலும் சீக்கிரம் போகும்.

ஹேண்டில்பாரும் கேபிள்களும்

ஹேண்டில்பாரைப் பூட்டிய பின், முதல் ஸ்டார்ட் ஆனதும் செய்ய வேண்டிய ஒரு சோதனை உயிர் சம்பந்தப்பட்டது. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது, நியூட்ரலில், ஹேண்டில்பாரை இடக்கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். பிறகு வலக்கோடி வரை. எஞ்சின் சத்தம் துளி ஏறினாலும் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று பொருள். யு-டர்ன் எடுக்கும்போது வண்டி தானாகப் பாயும். கேபிளைச் சட்டத்தின் கழுத்தைச் சுற்றி வேறு வழியாக விட்டு, கைப்பிடியில் 2 முதல் 3 மி.மீ. லூஸ் வைத்து, மறுபடியும் சோதியுங்கள்.

பேட்டரி

புது பேட்டரி என்று நம்பி நேராக மாட்டாதீர்கள். கப்பலிலும் கிடங்கிலும் மாதக்கணக்கில் கிடந்தது. அதன் ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா வைத்த பின் மீட்டரில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ், பிறகு நெகட்டிவ், கழற்றும்போது தலைகீழ். எஞ்சின் நல்ல வேகத்தில் சுழலும்போது முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் சார்ஜிங் சரி.

போல்ட் சுற்று

அதிகப் பொறுமை கேட்கும் வேலை இது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் அதிரும். தொழிற்சாலையில் சரியாக இறுக்கிய போல்ட் கூட, அடியிலிருக்கும் பெயின்ட்டும் கேஸ்கெட்டும் அமுங்கியதும் பிடி தளர்ந்துவிடும். முன்னிருந்து பின்னாக ஒரே வரிசையில் போங்கள்: ஹேண்டில்பார் கிளாம்ப், ஃபோர்க் கிளாம்ப், எஞ்சின் மவுன்ட், ஃபுட்ரெஸ்ட், சைடு ஸ்டாண்டு, சைலன்சர், பின் ஸ்ப்ராக்கெட், கேரியர், நம்பர் பிளேட் தாங்கி.

கையேட்டில் அந்தப் போல்ட்டுக்குத் தனி அளவு இருந்தால் அதுவே முடிவு. இல்லாத இடத்தில் எம்6 போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன்மீட்டர், எம்8 போல்ட்டுக்கு 20 முதல் 25 வரை போதும். எஞ்சின் உறையில் இருக்கும் எம்6 போல்ட்டுகள் அலுமினியத்தில் இறங்குபவை. கைப்பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். அதைச் சரிசெய்ய துளையிட்டு மரைச்சுருள் வைக்க வேண்டும்.

கேரியர், நம்பர் பிளேட் தாங்கி போன்றவற்றுக்கு போல்ட் தளராமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட் ஒரு சொட்டு. சைலன்சர் கழுத்து நட்டுகளுக்கு அது பயன்படாது; சூட்டில் பிடியை இழந்துவிடும். அவற்றை எஞ்சின் ஆறிய பிறகு, முதல் 100 மைலில் ஒருமுறை, 300 மைலில் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்துச் சட்டம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்தமுறை ஸ்பேனரே வேண்டாம். கோடு முறிந்திருக்கும் இடம் கண்ணில் படும்.

ஸ்போக்குகளை ஒரு சின்ன ஸ்பேனரால் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும். தளர்ந்ததை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். அடுத்தடுத்த ஸ்போக்குகளை ஒரே மூச்சில் இறுக்கினால் ரிம் கோணிவிடும். 100 மைல் ஓடியதும் மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும். புது ஸ்போக் உட்கார அவ்வளவு தூரம் ஆகும்.

செயின்

செயின் கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் போனால் ஒரு கல் பட்டாலே கிளிப் தெறித்துவிடும்.

டிடி250 போல நீண்ட சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் செயின், பார்ப்பதற்குத் தொங்கலாகத்தான் இருக்கும். சாலை வண்டிக் கணக்கில் அதை இறுக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் அச்சு, பின்சக்கர அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். கனமான ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து அந்த நிலைக்குக் கொண்டுவந்து, அப்போதும் செயின் ஒரு சென்டிமீட்டர் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடவில்லையென்றால் முன் ஸ்ப்ராக்கெட்டின் பேரிங் அடி வாங்கும். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, இறுக்கமான இடத்தை வைத்தே அளவு எடுங்கள்.

முதல் ஸ்டார்ட், முதல் மைல்கள்

அமெரிக்கப் புகை விதிகளுக்காகக் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் குறைத்தே அமைத்திருப்பார்கள். அதனால் குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் கட்டாயம், சூடாகவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சரில் லேசாகப் பொரிவதும் இதனால்தான், பழுது அல்ல. ஆனால் பொரிவு திடீரென்று அதிகமானால் சைலன்சர் கழுத்தில் காற்றுக் கசிகிறதா என்று பாருங்கள்.

முதல் 300 மைலுக்கு முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவதும் வேண்டாம். ஏறி இறங்கும் வளைவுச் சாலை பிஸ்டன் வளையம் உட்கார நல்லது. அசூசாவிலிருந்தே மலைக்கு ஏறும் 39-ஆம் எண் நெடுஞ்சாலை மாதிரி. உயர் கியரில் எஞ்சினைத் திணறவிடுவது வேகமாக ஓட்டுவதைவிடக் கெடுதல். இன்டர்ஸ்டேட்டில் லாரிகளோடு போட்டி போடும் வண்டியும் இதுவல்ல. மணிக்கு 55 மைல் இதற்குச் சுகமான வேகம்.

ஆயில்

10டபிள்யூ-40, டப்பாவில் மோட்டார்சைக்கிள் ஆயிலுக்கான ஜப்பானியத் தர முத்திரையான ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்க வேண்டும். 'எனர்ஜி கன்சர்விங்' என்று போட்ட கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், ஏனென்றால் கிளட்ச் பிளேட்டுகள் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கின்றன.

முதல் ஆயிலைக் கையேடு சொல்லும்வரை வைத்திருக்காமல் 100 மைலிலேயே ஒருமுறை மாற்றிவிடுவது எங்கள் பரிந்துரை. பிறகு 600 மைலில். வடிகட்டி வலையைத் தாங்கும் மூடியைத் திறக்கும்போது உள்ளிருந்து ஸ்பிரிங் துள்ளிவிழும். எது எந்தப் பக்கம் இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். வலையில் மெல்லிய வெள்ளிப்பொடி இருந்தால் கவலை வேண்டாம், புதுக் கியர்கள் தேய்ந்து பழகுகின்றன. நகத்தில் தட்டுப்படும் துண்டு இருந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, படத்தோடு நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

டேப்பட் செட்டிங்

வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவில் இருக்கும் சிறு இடைவெளியைச் சரிசெய்யும் வேலை இது. 600 மைலில் கட்டாயம் செய்ய வேண்டும். புது வால்வு தன் இருக்கையில் பதியப் பதிய இடைவெளி குறைந்துகொண்டே வரும். இடைவெளி அதிகமாக இருந்தால் டக்டக்கென்று சத்தம் வரும், அவ்வளவுதான். குறைந்து இல்லாமலே போனால் சத்தமே வராது. ஆனால் வால்வு முழுதாக மூடாமல், புகை வால்வு எரிந்துவிடும். அதனால் அமைதியான எஞ்சினைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

1. எஞ்சின் ஓர் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும்.
2. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். கிராங்க் இலகுவாகச் சுற்றும்.
3. இடப்பக்க உறையின் இரண்டு மூடிகளைத் திறந்து, ஃபிளைவீல் நட்டை இடஞ்சுழியாகச் சுற்றி, 'டி' குறியைச் சன்னலின் வெட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள்.
4. வால்வு மூடியைத் திறந்து இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டுங்கள். இரண்டும் லேசாக ஆடினால் சரியான நிலை. ஏதாவது ஒன்று அசையாமல் இருந்தால் எஞ்சின் வேறு சுற்றில் இருக்கிறது. இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி 'டி' குறிக்கே வாருங்கள்.
5. கையேட்டில் உள்ள தடிமன் கொண்ட ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அந்த இடைவெளியில் நுழையுங்கள். மெல்லிய பிடிப்போடு இழுபட வேண்டும். அடுத்த தடிமன் நுழையக் கூடாது.
6. ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்கி, மறுபடியும் அளந்து பாருங்கள். லாக் நட் இறுகும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பும். பலருடைய செட்டிங் கெடுவது இந்தக் கடைசி நொடியில்தான்.

பாகங்களும் உதவியும்

சிறிய நிறுவனத்தில் போனை எடுப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு நன்மை: வண்டியைத் தெரிந்தவரே பேசுவார். எழுதும்போது வண்டி எண், ஓடிய மைல், கோளாறு குளிர்ந்திருக்கும்போதா சூட்டிலா, எந்தக் கியரில், நீங்கள் என்னென்ன பார்த்தீர்கள், தெளிவான இரண்டு படம் எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே அனுப்புங்கள். 'வண்டி ஓடவில்லை' என்று ஒரு வரி எழுதினால் கேள்வி பதிலிலேயே ஒரு வாரம் போகும்.

அவர்களிடம் இருப்பு இல்லாத பாகம் கடல் கடந்து வர வேண்டும். அதனால் வண்டி வாங்கும்போதே கிளட்ச் கேபிள், கிளட்ச் லிவர், பிரேக் லிவர், முன் பின் டியூப், ஸ்பார்க் பிளக், செயின் கிளிப் இரண்டு, ஃபியூஸ், ஒரு செட் பிரேக் பேடு ஆகியவற்றை வாங்கி வையுங்கள். கீழே விழுந்தால் முதலில் உடைவது லிவர்தான்.

பாஹாவுக்குப் போவதென்றால்

தெற்கு கலிஃபோர்னியாவில் இப்படி வண்டி வாங்குபவர்களில் பலருக்கும் முதல் நெடும்பயணம் மெக்சிகோவின் பாஹா தீபகற்பம்தான். அமெரிக்கக் காப்பீடு எல்லைக்கு அப்பால் செல்லாது; மெக்சிகோ பாலிசி தனியாக எடுக்க வேண்டும். சுற்றுலா அனுமதிச் சீட்டை எல்லையிலேயே வாங்கிவிடுங்கள்.

பெட்ரோல்தான் பெரிய விஷயம். 1-ஆம் எண் நெடுஞ்சாலையில் எல் ரொசாரியோவைத் தாண்டினால் கெரேரோ நெக்ரோவை நெருங்கும்வரை சுமார் 200 மைலுக்கு நிச்சயமான பங்க் கிடையாது. நடுவில் கடவீன்யாவில் சாலையோரம் பீப்பாயிலிருந்து விற்பார்கள், ஆனால் அதை நம்பித் திட்டமிடக் கூடாது. ஆர்எக்ஸ்3-இன் 16 லிட்டர் டேங்க் இந்தத் தூரத்தைத் தாண்டிவிடும். டிடி250-இன் டேங்க் தாண்டாது; ஒரு கேலன் கேன்கள் இரண்டைக் கேரியரில் கட்டிக்கொள்ளுங்கள். பாலைவனத்தில் எதிர்க்காற்று அடித்தால் மைலேஜ் கால்பங்கு வரை குறையும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால், டேங்க்கின் அடியில் உள்ள பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் உள்ள ஸ்க்ரூவைத் திறந்து மிச்சப் பெட்ரோலை வடித்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் உள்ளேயே காய்ந்தால் முதலில் அடைபடுவது, ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் சிறு துளையான பைலட் ஜெட். அடுத்தமுறை சோக் போட்டால் மட்டுமே ஓடும் வண்டியாகிவிடும்.