கடவுச்சொல் கேட்காமல் வீட்டுக் கணினியைத் திறக்கச் செய்தல்

வீட்டில் ஒரே இடத்தில் வைத்துப் பயன்படுத்தும் மேசைக் கணினி, தொடங்கும்போதெல்லாம் கடவுச்சொல் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. விண்டோஸ் 10, 11 ஆகிய இரண்டிலும் அதை நிறுத்த வழி உண்டு. நிறுத்தப்படுவது கேள்வி மட்டுமே. கடவுச்சொல் கணக்கில் அப்படியே இருக்க, நமக்குப் பதிலாக விண்டோஸே அதை உள்ளிட்டுக்கொள்கிறது. கடவுச்சொல்லை அடியோடு நீக்கிவிடுவதைவிட இதுவே மேல். ஏனெனில், கடவுச்சொல் இல்லாத கணக்கைக் கொண்டு வீட்டின் மற்றொரு கணினியிலிருந்து பகிர்வுக் கோப்புறைகளைத் திறக்க முயன்றால், விண்டோஸ் இயல்பாகவே மறுத்துவிடும்.

முதலில் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'அக்கவுண்ட்ஸ்', அதனுள் 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' என்று சென்று, மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு 'விண்டோஸ் ஹலோ' (முகம், விரல்ரேகை அல்லது பின் எண் கொண்டு நுழையும் வசதி) வழியாக மட்டுமே நுழைவை அனுமதிக்கும் விசையை அணைத்துவிட வேண்டும். இது இயங்கிக்கொண்டிருந்தால், அடுத்துச் சொல்லப்போகும் தேர்வுப்பெட்டி கண்ணிலேயே படாது. பலர் தேடிச் சலித்துக் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

அடுத்து, விண்டோஸ் விசையுடன் 'ஆர்' விசையைச் சேர்த்து அழுத்தி, திறக்கும் சிறிய பெட்டியில் என்-இ-டி-பி-எல்-டபிள்யூ-ஐ-இசட் என்ற எட்டு ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றித் தட்டச்சு செய்து 'என்டர்' அழுத்துங்கள். நிர்வாகி உரிமையுள்ள கணக்கிலிருந்துதான் இதைச் செய்ய முடியும். தோன்றும் பட்டியலில் உங்கள் கணக்கைத் தேர்ந்தெடுத்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கட்டாயம் என்று கூறும் வரிக்கு முன்னுள்ள குறியை எடுத்துவிட்டு 'அப்ளை' பொத்தானை அழுத்தினால், கடவுச்சொல்லை இரண்டு முறை கேட்கும் பெட்டி ஒன்று வரும். இங்கே நாள்தோறும் பயன்படுத்தும் பின் எண்ணைக் கொடுத்துவிடக் கூடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழுக் கடவுச்சொல்லையே தர வேண்டும். இரண்டு முறையும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டுமே அந்தப் பெட்டி பார்க்கும். அது சரியான கடவுச்சொல்தானா என்று சோதிக்காது. தவறு இருந்தால் மறுமுறை கணினியைத் தொடங்கும்போதுதான் தெரியவரும். பின்னாளில் கடவுச்சொல்லை மாற்றினாலும் இதே பெட்டிக்கு வந்து புதியதைப் பதிய வேண்டியிருக்கும்.

இவ்வளவு செய்தும், உறக்கநிலையிலிருந்து எழுப்பும்போது கணினி மீண்டும் கடவுச்சொல் கேட்கலாம், ஏனெனில் அது தனி அமைப்பு. 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' பக்கத்திலேயே, விலகியிருந்து திரும்பினால் எப்போது கேட்க வேண்டும் என்ற வினாவுக்கு 'நெவர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் நின்றுவிடும்.

மடிக்கணினிக்கு இந்த ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேருந்திலோ ரயிலிலோ தவறவிட்டால், எடுத்தவர் மூடியைத் திறந்த கையோடு உங்கள் மின்னஞ்சலுக்குள் நுழைந்துவிடலாம். மேசைக் கணினியிலும் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை உலாவியில் சேமித்து வைக்காதீர்கள்: சேமித்த கடவுச்சொல்லைக் காட்டுவதற்கு முன் குரோம் அடையாளம் கேட்கும் என்றாலும், தளத்தின் நுழைவுப் பக்கத்தில் அதைத் தானாகவே நிரப்பிவிடுவது வழக்கம். வீட்டில் பிள்ளைகளும் அதே கணினியைப் பயன்படுத்தினால், நிர்வாகி உரிமையற்ற சாதாரணக் கணக்கு ஒன்றை உருவாக்கி, தானாகத் திறக்கும் கணக்காக அதை அமைப்பது நல்லது. உங்கள் கணக்குக்கு மாற, 'ஸ்டார்ட்' பட்டியலில் 'சைன் அவுட்' கொடுத்தால் போதும்.